பள்ளிபாளையத்துக்காரி

சங்ககிரி
9.6.2024, ஞாயிறு

அன்புள்ள அம்மிணிக்கு,

செங்கோட்டையன் எழுதுவது. இங்கே நானும் லாரியும் கொல்லையில் உன் கறிவேப்பிலைச் செடியும் உயிரோடு இருக்கிறோம். மூன்று பேரில் செடிதான் நன்றாக இருக்கிறது. அங்கே நீயும் அத்தையும் மச்சானும் சுகம்தானே?

ஃபோன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். “வாயில பேசுனா எல்லாத்தையும் சிரிச்சே மழுப்பிப்போடுவாரு, எழுதி அனுப்பச் சொல்லு” என்று நம் பெண் யாழினியிடம் சொன்னாயாம். நான் படித்தது அஞ்சாவது. அதிலும் பாதி நாள் வாத்தியார் என்னை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருந்தார். இருந்தாலும் உனக்காக ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். உன்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட எனக்கு இப்படிப் பயமாக இல்லை.

ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போவது புதுப்பெண்கள் வழக்கம். நீ கல்யாணமாகி இருபத்து மூன்று வருசம் ஆனவள், கல்லூரி ஹாஸ்டலில் பெண்ணை வைத்திருப்பவள். நீ வைகாசியிலேயே பையைத் தூக்கிவிட்டாய். சேந்தமங்கலத்தில் யாரும் சிரிக்கவில்லையா?

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பாய். கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். ஓட்டலுக்குத் தவறாமல் போகிறேன். இலையைப் பார்த்துவிட்டுத் தவறாமல் எழுந்தும் விடுகிறேன். பசி எங்கோ ரோட்டில் கழன்று விழுந்துவிட்டது போலிருக்கிறது. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டாயிற்று. காற்றாடிக்கு அடியில் உட்கார்ந்தாலும் சட்டை நனைகிறது. “ஏன்டா, எந்த ஊர்ல மழை?” என்று கூட வண்டி ஓட்டுகிற அப்புசாமி அண்ணன் கேட்கிறார். வாய் மட்டும் சிமெண்ட் மூட்டையைக் கடித்த மாதிரி காய்கிறது. ஒன்றுக்கு நின்றால், எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் போய்விட்டு, டீயும் குடித்துவிட்டு வருகிறார்கள். நான் மட்டும் ஏதோ வேண்டுதல் மாதிரி அங்கேயே நிற்கிறேன். வண்டி நின்ற பிறகும் நெஞ்சு ஓடிக்கொண்டிருக்கிறது. வயசு நாற்பத்தேழு ஆகிறது. பழைய வண்டி என்றால் சத்தம் வரத்தானே செய்யும்.

சேலம் டாக்டரம்மா கொடுத்த கவன மாத்திரையை விடாமல் போடுகிறேன். அதில் குறை சொல்லாதே. யாழினி என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனதிலிருந்து லோடு பில்லை எங்கேயும் மறந்து வைக்கவில்லை. தார்ப்பாய்க் கயிறு அவிழ்ந்து தொங்க வண்டி ஓட்டவில்லை. “உங்களுக்குச் சின்னதுல இருந்தே கவனம் ஒரு இடத்துல நிக்காத கோளாறு இருக்குதுங்க” என்று டாக்டரம்மா சொன்னபோது, “அதைச் சொல்றதுக்குச் சேலம் வரைக்கும் வரோணுமாக்கும்” என்று நீ எவ்வளவு சிரித்தாய்!

தட்டை விட்டெறிந்தது தப்பு. ரசத்தில் உப்பு குறைந்ததற்கு யாரும் தட்டை எறிய மாட்டார்கள். நெளிந்த தட்டை டிங்கர் பட்டறையில் கொடுத்து நிமிர்த்தி வைத்திருக்கிறேன். “இதுக்கு பெயிண்ட் அடிக்கோணுமாங்க?” என்று கேட்டான் டிங்கர். வந்து பார்.

உன்,
செங்கோட்டையன்


சேந்தமங்கலம்
14.6.2024

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. அம்மா நலம். அண்ணன் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். காட்டவில்லை.

ஒரு தட்டு விழுந்ததற்காக வீட்டை விட்டு வருகிறவள் நான் இல்லை. அது உங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே தட்டைப் பற்றிப் பத்து வரி எழுதுகிறீர்கள்.

நீங்கள் கோபக்காரர் இல்லை. மாசி மாதத்திலிருந்துதான் எதைக் கேட்டாலும் சள்ளென்று விழுகிறீர்கள். ஆக்கி வைத்த சோறு அப்படியே கிடக்கிறது. படுத்தால் என் பக்கம் திரும்புவதில்லை. தொட்டால் “தூக்கம் வருது” என்கிறீர்கள், ஆனால் விடிகிறவரை கண் மூடுவதில்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுத்தில்தான் பேச வேண்டும் என்று சொன்னதே நான், அதனால் எழுதுகிறேன்.

மாதம் இரண்டு சனிக்கிழமை, லோடு இல்லாத நாளாகப் பார்த்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறீர்கள். கேட்டால் பட்டறைக்கு என்கிறீர்கள். பட்டறைக்கு யாராவது பவுடர் பூசிக்கொண்டு போவார்களா? அப்புசாமி அண்ணன் வீட்டுப் பாவாயி அக்கா உங்களைப் பள்ளிபாளையத்தில் மூன்று தடவை பார்த்திருக்கிறார். கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்காமல் ஒரு சந்துக்குள் போய்விட்டீர்களாம்.

பள்ளிபாளையத்தில் யார் இருக்கிறாள்? என் கேள்வி இது ஒன்றுதான். இருக்கிறாள் என்றால் இருக்கிறாள் என்று எழுதுங்கள், நான் என் வழியைப் பார்த்துக்கொள்கிறேன். இதற்கும் விளையாட்டாகப் பதில் வந்தால் அடுத்த கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன்.

உஷாராணி


சங்ககிரி
19.6.2024

அம்மிணிக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நாலிலும் என்னை அறியாமல் விளையாட்டு வந்துவிட்டது. இது அஞ்சாவது. பிரித்துவிடு.

பள்ளிபாளையத்தில் இருப்பது ஒரு டாக்டர். ஆம்பளை. பாலசுந்தரம் என்று பெயர். மனசுக்கு வைத்தியம் பார்க்கிறவர்.

போன ஐப்பசி வாக்கில் எனக்குள் என்னவோ நின்றுபோனது. காரணம் கேட்காதே, எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் டோல்கேட் தாண்டி வண்டியை ஓரம் கட்டினேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் ஸ்டேரிங்கைப் பிடிக்கக் கை வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழுகையாவது வந்தால் தேவலாம் என்றிருந்தது, அதுவும் வரவில்லை. ஸ்டாண்டுக்குப் போனால் என்னைப் பார்த்ததுமே எல்லாரும் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். நானும் எதையாவது சொல்வேன். சிரிப்பார்கள். எனக்கு அது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்கும்.

தை கடைசியில்தான் பள்ளிபாளையம் போனேன்.

“என்ன பண்ணுதுங்க?” என்றார் டாக்டர்.

“ஒண்ணும் பண்ணலீங்க. அதுதானுங்க சங்கடம். ஒண்ணுமே பண்ண மாட்டேங்குது” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான். அரை மணி நேரம் கேட்டார். கடைசியில், “வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா?” என்றார். “இல்லீங்க” என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், நம் ஊரில் வேலை நடக்கிற விதம் உனக்குத் தெரியும். ஸ்பிரிங் பட்டறைக்காரனிடம் போய் லைட் எரியவில்லை என்று யாரும் சொல்வதில்லை. எலக்ட்ரீஷியனிடம் கியர் பாக்ஸைப் பற்றிப் பேசினால், “அது நம்ம வேலை இல்லீங்ணா, அந்தாண்ட போங்க” என்பான். இருபது வருசம் வண்டியை அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். கவனத்துக்குச் சேலம், மனசுக்குப் பள்ளிபாளையம், அவரவர் வேலையை அவரவர் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன். அடியில் ஒரு பயமும் இருந்தது. தலைக்கு ஒரு மாத்திரை, மனசுக்கு ஒரு மாத்திரையா, இந்த ஆள் லாரி ஓட்டலாமா என்று யாராவது எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் நான் யார்?

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்பதுதான் கஷ்டம். பெண் பார்க்க வந்த அன்று நான் எதையோ சொல்லப்போக, உள்ளே நின்று நீ சிரித்தாய். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டேன். “அதுக்குத்தான் உங்களைக் கட்டுனேன், இல்லாட்டி இந்த மூஞ்சியை யாரு கட்டுவா” என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். அந்தச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று உன்னிடம் எந்த வாயால் சொல்வேன்?

பள்ளிபாளையம் டாக்டர் கொடுத்த மாத்திரை போட்ட பிறகு ஸ்டேரிங்கைப் பிடிக்கக் கை வந்தது. அது உண்மை. ஆனால் அதற்கப்புறம்தான் போன கடிதத்தில் எழுதிய வேர்வை, படபடப்பு எல்லாம். திரும்பிப் படுத்தது உன்மேல் ஆசை இல்லாமல் இல்லை. உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அதை வெளியே சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இதற்கு மேல் ஒரு விளையாட்டாவது எழுதாமல் இருக்க முடியாது, மன்னித்துக்கொள். அவள் யார் என்று கேட்டாய் அல்லவா? அவளையே அனுப்புகிறேன். கவருக்குள் இரண்டு காலி மாத்திரை அட்டை இருக்கிறது. பச்சைக் கோடு போட்டவள் உனக்குத் தெரிந்த சேலத்துக்காரி. மற்றவள்தான் பள்ளிபாளையத்துக்காரி. ஒருத்தி இருப்பது இன்னொருத்திக்குத் தெரியாது. நான் இத்தனை நாள் தனித்தனியாகக் குடித்தனம் நடத்தி வந்தேன்.

நாளை மறுநாள் ஓசூருக்கு லோடு. பாவாயி அக்காவிடம் சொல்லிவிடு.

செங்கோட்டையன்


சேந்தமங்கலம்
24.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வெள்ளிக்கிழமை ஃபோனில் சொன்னதையே எழுதியும் அனுப்புகிறேன். ஃபோனில் சொன்னது உங்கள் தலையில் பாதிதான் நிற்கும். இதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்ததும் முதலில் உட்கார்ந்து அழுதேன். பிறகு அந்த இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். அதை நடத்துகிற ஸ்ரீதேவி என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். நீங்கள் சொன்னது நிஜம்தானா, இது மனசுக்குக் கொடுக்கிற மாத்திரைதானா என்று கேட்கத்தான் போனேன். அந்த அளவுக்குச் சந்தேகம் எனக்கு. அவள் இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“ஏன் உஷா, இது ரெண்டையும் ஒரே ஆளா திங்கறாரு?”

“ஆமாங்கறேன்.”

“நெஞ்சு படபடங்குதா? வேர்த்துக் கொட்டுதா? ஒண்ணுக்குப் போக முக்கறாரா?”

உங்கள் முதல் கடிதத்தை அவள் படித்ததே இல்லை, மாமா.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். சேலம் மாத்திரை உடம்பில் வேலை செய்துவிட்டு ஒரு நேரத்துக்குள் கரைந்து வெளியே போய்விட வேண்டும். பள்ளிபாளையம் மாத்திரை அதைப் போகவிடாமல் கதவை அடைக்கிறது. நீங்கள் போடுவது ஒன்றுதான், ஆனால் உள்ளே இருப்பது பல மடங்கு. நெஞ்சு அடித்துக்கொள்வது, பசி போனது, தூக்கம் போனது, சள்ளென்று விழுவது எல்லாம் அதனால் இருக்கலாம் என்கிறாள். இரண்டுமே கெட்ட மாத்திரை இல்லையாம். சில பேருக்கு இரண்டு வியாதிக்கும் சேர்த்தே கொடுப்பதும் உண்டாம். ஆனால் கொடுக்கிறவருக்கு இன்னொன்று உண்டு என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் அளவைப் பார்த்துக் கொடுப்பார், இல்லை வேறு மாத்திரை மாற்றுவார். நீங்கள்தான் இரண்டு பேர் கண்ணையும் கட்டிவிட்டீர்களே.

கடையில் நின்றபடியே உங்களுக்கு ஃபோன் செய்தேன். “எங்கிருக்கீங்க?” என்றேன். “தொப்பூர் தாண்டிட்டேன் புள்ள” என்றீர்கள். “ஓரம் கட்டுங்க.” “லோடு இருக்குதுடி.” “லோடு கெடக்குது. ஓரம் கட்டுங்க மாமா.” இருபத்து மூன்று வருசத்தில் நான் சொன்னதை இரண்டாவது தடவையிலேயே நீங்கள் கேட்டது அன்றைக்குத்தான். டபுள் டிரைவராக அப்புசாமி அண்ணன் கூட இருந்தது யார் செய்த புண்ணியமோ.

டாக்டர் சொல்கிறவரை ஸ்டேரிங்கைத் தொடாதீர்கள். ரோசம் வந்து இரண்டு அட்டையையும் தூக்கிக் காவிரியில் வீசிவிடாதீர்கள். நீங்கள் அப்படிச் செய்கிற ஆள். பள்ளிபாளையம் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலை சுற்றும், மனசு முன்னைவிட மோசமாகும் என்கிறாள் ஸ்ரீதேவி. சேலத்துக்கு இரண்டு அட்டையையும் கொண்டுபோய் டாக்டரம்மாவின் மேஜைமேல் வையுங்கள். இரண்டு பட்டறைக்காரர்களும் ஒரே வண்டியைப் பார்க்கட்டும்.

சக்களத்திகளை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்யாமல் வைத்திருந்ததற்கு உடம்புக்குள் நன்றாக வாங்கியிருக்கிறீர்கள்.

நான் வருவதைப் பற்றி இப்போது எதுவும் எழுதவில்லை.

உஷாராணி


சங்ககிரி
12.7.2024

அன்புள்ள அம்மிணிக்கு,

சேலம் போன கதையை ஃபோனில் யாழினி சொல்லியிருப்பாள். அவள் சொன்னது சுருக்கம். நான் முழுசாகச் சொல்கிறேன்.

டாக்டரம்மா மேஜையில் இரண்டு அட்டையையும் வைத்தேன். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். இன்னொரு தடவை அடித்துப் பார்த்தார். பிறகு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த நெஞ்சு ஓட்டத்தோட எப்படிங்க லாரி ஓட்டுனீங்க?”

“வண்டி நல்ல வண்டிங்க.”

அவரும் சிரிக்கவில்லை. எனக்கு வாய்க்கிற டாக்டர்கள் எல்லாம் இப்படித்தான். என் எதிரிலேயே பள்ளிபாளையம் டாக்டருக்கு ஃபோன் போட்டார். இரண்டு பேரும் பேசியது மூன்று நிமிசம் இருக்கும். நாலைந்து மாதமாக நான் பட்ட பாட்டுக்கு மூன்று நிமிசம்! பேசி முடித்ததும், “ரெண்டு பேர்கிட்டயும் மறைச்சீங்களே, எங்கள்ல யார்மேலீங்க உங்களுக்கு நம்பிக்கை இல்ல?” என்று கேட்டார். “என்மேலதானுங்க” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அது விளையாட்டுக்குச் சொன்னதல்ல.

கவன மாத்திரை இப்போதைக்கு இல்லை. மனசு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றுகிறார்கள். அது நிலைத்த பிறகு மற்றதைச் சின்ன அளவில் ஆரம்பிக்கலாமாம். அதுவரை லாரி கிடையாது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். எரிச்சலும் கோபமும் அதனால் வந்திருக்கலாம் என்று டாக்டரம்மாவும் சொன்னார். எனக்கு ஒரே சந்தோசம். “அப்படீன்னா தட்டை எறிஞ்சது மாத்திரைதானுங்களே?” என்று கேட்டேன். “எரிச்சலை வேணா மாத்திரை குடுத்திருக்கும்ங்க. எறிஞ்ச கை உங்களுது” என்றார். பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் சொன்னது சரிதான். நீ அன்றைக்குக் கீழே குனிந்து சோற்றை அள்ளிக்கொண்டிருந்தாய். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு எந்த மாத்திரையும் காரணம் இல்லை.

லாரி ஆபீஸ் முதலாளி காளியண்ணனிடம் போய் விசயத்தைச் சொன்னேன். விரட்டுவார் என்று நினைத்தேன். பில் போடுகிற மேஜையில் உட்கார வைத்தார். கவன மாத்திரை இல்லாத தலை அல்லவா, இரண்டாவது நாளே பாலக்காட்டு வண்டியின் பில்லை ஓசூர் வண்டியில் வைத்து அனுப்பிவிட்டேன். அதுவும் இதுவும் பாதி வழியில் நின்றன. “ஏன்டா, நீ வண்டி ஓட்டுறதே தேவலாம்டா” என்று காளியண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆபீஸே சிரித்தது.

வேர்வை நின்றுவிட்டது. நேற்று மூன்று இட்லி சாப்பிட்டேன், மூன்றாவது இட்லி ருசித்தது.

வா என்று எழுதத்தான் இந்தப் பக்கம் முழுவதும் சுற்றிச் சுற்றி வருகிறேன். எழுதலாமா என்று தெரியவில்லை. மாத்திரை மாற்றுகிற நாள் என்பதால் தலைக்குள் அவ்வப்போது பொறி பறக்கிற மாதிரி இருக்கிறது. சில நாள் காலையில் எழுந்து பல் விளக்கவே பெரிய வேலையாக இருக்கிறது. ஆபீஸில் சிரிக்க வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். நீ வந்தால் அந்தச் சுவர் பார்க்கிற ஆளைத்தான் பார்ப்பாய். எப்போது சரியாவேன் என்று டாக்டரும் தேதி சொல்லவில்லை. நீ கட்டிக்கொண்டது வேறு ஆளை. இந்த ஆளிடம் வருவாயா என்று கேட்கிறேன். மாட்டேன் என்றாலும் எழுது.

செங்கோட்டையன்


சேந்தமங்கலம்
17.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

இன்றைக்கு ஆடி ஒன்று. எதிர்வீட்டுக்குப் புதுப்பெண் வந்திறங்கினாள். “நீயும் ஆடிக்கு வந்தியா அக்கா?” என்று என்னைக் கேட்கிறாள். உங்களுக்குத் திருப்திதானே?

என் கோபம் இன்னும் தீரவில்லை. அதை மறைத்துவிட்டு இனிப்பாக எழுத எனக்கு வராது. பள்ளிபாளையத்தில் ஒரு பெண் இருந்திருந்தால், அங்கே வந்து தெருவில் நின்று எனக்குத் தெரிந்த சண்டையைப் போட்டிருப்பேன். நீங்கள் என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு இத்தனை மாதம் தனியாகக் கிடந்திருக்கிறீர்கள். அதற்கு என்ன சண்டை போடுவது, யாரிடம் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களைச் சிரிப்புக்காகத்தான் கட்டினேன். அது நிஜம். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அதற்கப்புறம் யாழினி பிறந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றீர்கள். என் அப்பா போனபோது அண்ணனுக்கு முன்னால் நீங்கள்தான் ஓடி வந்தீர்கள். அன்றைக்கெல்லாம் நீங்கள் யாரையும் சிரிக்க வைக்கவில்லை. நான் அந்த ஆளையும் பார்த்திருக்கிறேன், மாமா. நீங்கள்தான் அவரை எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை சேலத்தில் உங்களுக்கு மறுபடியும் டாக்டரைப் பார்க்கிற நாள் என்று யாழினி சொன்னாள். நான் காலை பஸ்ஸில் நேராக அங்கே வருகிறேன். டாக்டரம்மா எதிரில் எனக்கும் ஒரு நாற்காலி கேளுங்கள். அவர் உங்களிடம் கேட்பதை நானும் கேட்க வேண்டும். நீங்கள் விட்டதை நான் சொல்லுவேன். உங்களுக்குப் பிடிக்காது என்றாலும் சொல்லுவேன். பள்ளிபாளையத்துக்கும் அப்படித்தான். இனி இந்த இரண்டு இடத்துக்கும் நான் இல்லாமல் நீங்கள் போகக்கூடாது. இது என் நிபந்தனை. வேறு நிபந்தனை இல்லை.

அன்றைக்கு என்னைப் பார்த்ததும் ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வேண்டுமே என்று முதல் நாளே யோசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். வேண்டாம். வாய்க்கு ஒன்றும் வரவில்லை என்றால் சும்மா உட்கார்ந்திருங்கள். நானும் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

திரும்பும்போது நான் எந்த பஸ் ஏறுவேன் என்று இப்போதே சொல்ல முடியாது. அன்றைக்கு என் மனசு என்ன சொல்கிறதோ அதுதான். ஆனால் ஒரு நாள் போய்வர எடுக்கிற கைப்பை போதுமா என்று அம்மா கேட்டதற்கு, பரண்மேல் இருக்கிற பெரிய பெட்டியை இறக்கச் சொல்லியிருக்கிறேன். அது கனம். சேலம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒன்பது மணிக்கு வந்துவிடுங்கள்.

உஷாராணி